ஊசி ஓடிய படிக லிங்கம்

என் கணவரின் அக்காவை நான் மதினி என்று கூப்பிடுவேன். நல்ல மனுஷிதான். ஆனால் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார். உசிலம்பட்டியில் இருந்துகொண்டே, மதுரையில் என் அடுப்படியில் எந்த டப்பா எங்கே இருக்க வேண்டும் என்று போனில் சொல்வார். அப்படிப்பட்டவர் கண்ணில் எங்கள் வீட்டுப் படிக லிங்கம் பட்டது என் கெட்ட நேரம்.

அந்த லிங்கம் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் கணவர் லோடு ஆட்டோ ஓட்டியவர். ஒருநாள் காலையில் பல் விளக்கும்போது பிரஷ் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பக்கவாதம். ஆஸ்பத்திரியில் கிடந்து, சாமி புண்ணியத்தில் உயிரோடு வீடு வந்து சேர்ந்தார். கால் பரவாயில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார். பேச்சு குழறும், எனக்கு மட்டும் புரியும். வலது கைதான் துணி மாதிரித் தொங்கியது.

பயிற்சி கொடுக்க வந்த பொண்ணு ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, வலது கையால் அமுக்கிக்கொண்டே இருக்கச் சொன்னது. அந்தப் பொண்ணு இருக்கிற வரை அமுக்குவார். அது படி இறங்கியதும் பந்து கட்டிலுக்கு அடியில் போய்விடும். பார்க்க வருகிறவர்கள் தொல்லை வேறு. ஆளுக்கொரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, இதே மாதிரி வாதம் வந்து செத்துப்போனவர்கள் கதையை அவர் தலைமாட்டிலேயே உட்கார்ந்து சொல்லிவிட்டு, காபியும் குடித்துவிட்டுப் போவார்கள்.

பெரிய கஷ்டம் சாப்பாடுதான். இடது கையால் சாப்பிட மாட்டேன் என்றுவிட்டார். பீச்சாங்கையால் சோற்றைத் தொடுவதா என்று அவருக்கு அருவருப்பு. ஸ்பூன் கொடுத்தாலும் அதே இடது கைதானே என்பார். நான்தான் ஊட்டினேன். பிள்ளைகள் வளர்ந்து கல்யாணமாகி வெளியூரில் இருக்கும் வயசில் பெண்டாட்டி கையால் வாங்கித் தின்பது அவருக்கு வெட்கம். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் வாயை மூடிக்கொள்வார். நாலு வாய், போதும் என்று தலையைத் திருப்பிக்கொள்வார். ஆள் உருகிக்கொண்டே போனார். அந்தக் கை திரும்பாவிட்டால் இவர் பட்டினியிலேயே போய்விடுவார் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. மீனாட்சி சந்நிதியில் நின்று, அவர் மறுபடி வண்டி ஓட்டவெல்லாம் வேண்டாம் தாயே, அவர் சோற்றை அவரே எடுத்துத் தின்றால் போதும் என்று கேட்டேன்.

அன்றைக்குக் கோயிலை விட்டு வெளியே வந்து, பூசைச் சாமான் விற்கிற கடை ஒன்றில் ஏறினேன். சாம்பிராணி வாங்கத்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் படிக லிங்கங்கள் வரிசையாக இருந்தன. எல்லாம் தண்ணீரை உருட்டி வைத்தது போலத் தெளிவு. அதில் ஒன்றுக்குள் மட்டும் பொன் நிறத்தில் ஊசி ஊசியாக ஓடியிருந்தது. கிழக்கு மேற்காக, குறுக்கும் நெடுக்குமாக, ஒவ்வொன்றும் தலைமுடி கனம். கடைக்காரர், படிகம் விளையும்போதே உள்ளே மாட்டிக்கொண்ட வேறொரு கல் அது, கண்ணாடியை உருக்கி வார்த்தால் இப்படி வராது, அதனால் இதுதான் சந்தேகமே இல்லாத அசல் என்றார். எனக்கு அசல், போலி தெரியாது. அதைத் திருப்பும்போது ஒவ்வொரு ஊசியாக ஒளி ஏறி இறங்கியது. படுத்துக் கிடக்கிறவர் பார்த்துக்கொண்டாவது இருப்பாரே என்று வாங்கி வந்தேன்.

அவர் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. குளித்ததும் சாமி மாடத்துக்கு எதிரில் நாற்காலியைப் போடச் சொன்னார். தாம்பாளத்தில் லிங்கம், பக்கத்தில் செம்பில் தண்ணீர், அதை எடுத்து விட உத்தரணிக் கரண்டி. அபிஷேகம் நானே செய்கிறேன் என்று சைகை காட்டினார். சாமிக்கு இடது கையால் தண்ணீர் விடலாமா? கூடாது. அது யாரும் சொல்லித்தர வேண்டாத விஷயம். ஆக, செத்துக் கிடந்த வலது கையை இடது கையால் மணிக்கட்டில் தாங்கித் தூக்கி, விரலுக்குள் உத்தரணியைச் செருகி, ஊற்றினார். தண்ணீர் முழுவதும் வேட்டியில். மறுநாளும் வேட்டியில். ஆனால் விடவில்லை. பந்துக்கு மசியாத கை சாமிக்கு மசிந்தது. கொஞ்ச நாளில் தண்ணீர் தாம்பாளத்துக்குள் விழுந்தது. பிறகு லிங்கத்தின் தலையிலேயே விழுந்தது. ஒரு காலையில், நான் தட்டை வைத்துவிட்டு சட்னி எடுக்கப் போய்த் திரும்பும்போது, இட்லியில் ஒரு துண்டு அவர் வலது கையில் இருந்தது. நான் பார்க்காதது போல அடுப்படிக்குள் திரும்பிப் போய் நின்று அழுதேன்.

இதையெல்லாம் அவர் யார் எதிரிலும் செய்ய மாட்டார். கை நடுங்குவதை ஆள் பார்த்துவிட்டால் அன்றைக்கு முழுவதும் அது மடியில்தான் கிடக்கும். கதவை ஒருக்களித்துவிட்டு இடுக்கு வழியாகத்தான் நான் பார்ப்பேன்.

மதினி எப்போதும் வெயில் ஏறின பிறகுதான் பஸ் இறங்கி வருவார். லிங்கம் கண்ணில் பட்ட அன்றைக்கும் அபிஷேகம் முடிந்த பிறகுதான் வந்தார். தம்பியின் தலையைத் தடவினார், கொண்டுவந்த மொச்சைப்பயறைக் கொடுத்தார், சாமி கும்பிடப் போனார். போனவர் அங்கிருந்தே கூப்பிட்டார்.

“ஏத்தா, இங்க வா. என்னத்தா இது, உள்ளுக்குள்ள வெடிச்சுக் கெடக்கு?”

வெடிப்பு இல்லை மதினி, அது உள்ளேயே விளைந்தது என்று கடைக்காரர் சொன்னதைச் சொன்னேன். விக்கிறவென் ஆயிரம் சொல்லுவான் என்றார். உடைந்த சாமியை, கீறல் விழுந்த சாமியை வீட்டில் வைத்துக் கும்பிடக் கூடாது, பின்னமானதை ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட வேண்டும் என்பது எனக்கும் தெரிந்த சாஸ்திரம்தான். ஆனால் இது பின்னமே இல்லையே. தடவிப் பாருங்கள், மேலே ஒரு கீறல் உண்டா என்றேன். தடவிப் பார்த்தார். உள்காயம்தான் ஆபத்து என்றார்.

“அதேன் தம்பிக்குக் கை வரல. நீயே பின்னத்த வெச்சுக் கும்பிட்டா எங்கிட்டுருந்து வரும்?”

கை வந்துகொண்டிருக்கிறது மதினி, இதால்தான் வருகிறது என்றேன். எங்கே, தூக்கச் சொல்லு என்றார். தம்பி எதிரில் போய் நின்று, தூக்கு அய்யா, அக்காவுக்குக் காட்டு என்று குழந்தையிடம் கேட்பது போலக் கேட்டார். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். மதினி என்னைப் பார்த்த பார்வையில் நான் பொய்க்காரியாகிவிட்டேன்.

எதிர்வீட்டில் கிறிஸ்தவ மிஷன் ஸ்கூல் டீச்சர் ஒருவர் இருக்கிறார். ரிட்டயர் ஆகிவிட்டார். எனக்கு ஆத்திர அவசரத்துக்கு அவர்தான் துணை. சயின்ஸ் எடுத்தவர், அவர் சொன்னால் மதினி கேட்பார் என்று நினைத்துக் கூட்டிவந்தேன். வந்தவர் போனில் டார்ச் அடித்துப் பார்த்தார். இதற்கு ரூட்டைல் என்று பேர், படிகம் உருவாகும்போதே உள்ளே வளர்ந்த ஊசி, உடைசலே கிடையாது என்று அழகாகச் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாத்தியார் புத்தி, வெள்ளைப் பெயிண்டுக்கு வெள்ளை கொடுப்பதும் இதே சரக்குதான் என்று ஒரு வார்த்தை கூடச் சொல்லிவிட்டார்.

“சாமிக்குள்ள பெயிண்டா?” என்றார் மதினி.

டீச்சர் போன பிறகு, வேதக்காரவுகளுக்கு நம்ம சாமியப் பத்தி என்ன தெரியும் என்று ஒரு பாட்டம் பேசித் தீர்த்தார். சரி, நம் சாமி தெரிந்தவரிடமே கேட்போம் என்று தெருமுனைப் பிள்ளையார் கோயில் பூசாரியிடம் போனோம். அவர் லிங்கத்தை இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பின்னம் என்றால் ஆகாதுதான், பின்னம் இல்லை என்றால் ஒன்றும் இல்லை என்றார். அப்படியானால் இது எது சாமி என்றேன். மனசில் சங்கடம் வந்துவிட்டால் வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது என்று சொல்லிவிட்டு மணி அடிக்கப் போய்விட்டார். சங்கடம் யாருக்கு? எனக்கு இல்லை. என் கணவருக்கு இல்லை. மதினிக்கு வந்த சங்கடத்துக்கு நான் பொறுப்பா?

மதினி ஊருக்குப் போனார். போனில் வந்தார். காலையில் ஒரு போன், சாயந்தரம் ஒரு போன். இன்னும் வீட்டில்தான் இருக்கிறதா என்பார். தூங்கினாயா, சாப்பிட்டாயா என்றெல்லாம் இல்லை. அந்த நேரம் பார்த்து இவர் குளியலறையில் வழுக்கி விழுந்து நெற்றி புடைத்துக்கொண்டது. ஈரத்தரையில் யார் நடந்தாலும் வழுக்கும். ஆனால் மதினி மறுநாளே மஞ்சள் பையோடு வந்து இறங்கினார். அப்போது எனக்கும் உள்ளுக்குள் ஒரு பயம் ஒட்டிக்கொண்டது. பக்தி உள்ளவளுக்குப் பயத்தை எதிர்த்து வாதாட முடிவதில்லை. ஒருவேளை இருந்துவிட்டால்? அடுத்த தடவை நெற்றியோடு போகாவிட்டால்? சரி மதினி, வாங்க, விட்டுவிட்டு வருவோம் என்று சொல்லிவிட்டேன். இவர் மதியம் கண் அசந்த நேரத்தில் டீச்சரை உட்கார வைத்துவிட்டுக் கிளம்பினோம்.

ஓடுகிற தண்ணீர் என்று சொல்வது சுலபம். மதுரையில் அதற்கு எங்கே போவது? வைகைக்குப் போனோம். ஆகாயத்தாமரை மண்டி, நடுவில் சாக்கடை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுதுல்ல மதினி, விடுங்க என்றேன். சாமிய சாக்கடையிலயா விடுவாக என்று என்னைத் திட்டினார். தெப்பக்குளத்துக்கு ஆட்டோ பிடித்தோம். தண்ணீர் கிடந்தது. ஆனால் குளத்துத் தண்ணீர் ஓடாதே என்று மதினி படியில் நின்று யோசித்தார். யோசித்து முடிப்பதற்குள் காவலாளி விசில் ஊதிக்கொண்டு வந்து, எதையும் போடக் கூடாது என்று விரட்டினார். வெயிலில் எனக்குத் தலை சுற்றியது. பேசாமல் வீட்டுக்குப் போவோம் மதினி என்று கெஞ்சினேன். சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்காலுக்குப் பாயும் வாய்க்காலில் தண்ணீர் ஓடும் என்றார். பஸ் ஏறினோம்.

ஓடத்தான் செய்தது. வெற்றிலைக் கொடிக்கால் ஓரமாக, கணுக்கால் ஆழத்தில், கலங்கலாக. கரையில் ஓர் அரசமரம், அடியில் படித்துறை மாதிரி இரண்டு கல். மதினி லிங்கத்தை இரண்டு கையிலும் ஏந்தி முணுமுணுத்தார். தன் தம்பி பேரைச் சொல்லிச் சொல்லிக் கும்பிட்டார். கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கோபப்படவும் முடியவில்லை. தண்ணீரில் விட்டார். திரும்பிப் பார்க்காமல் வா என்றார். நான் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

இருட்டிவிட்டதால் மதினி எங்கள் வீட்டிலேயே தங்கினார். விடிந்ததும் இவர் குளித்துவிட்டு வந்து மாடத்துக்கு எதிரில் உட்கார்ந்தார். லிங்கத்தைக் கோயிலில் கொடுத்திருக்கிறோம் என்று சொல்லுமாறு மதினி எனக்குப் பாடம் எடுத்திருந்தார். நான் சொன்னேன். இவர் என்னைப் பார்த்தார். கதவைக் கைகாட்டினார். ஒருக்களித்துவிட்டு வெளியே நின்றேன். மதினி என்ன என்ன என்று வந்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

இவர் வெறும் தாம்பாளத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வலது கை எழுந்தது. இடது கையின் தாங்கல் இல்லை, தானாக எழுந்தது. செம்புக்குள் போய், உத்தரணியில் தண்ணீர் எடுத்து, நடுங்கி நடுங்கி வந்து, லிங்கம் இருந்த இடத்தில் சரியாக விட்டது. தண்ணீர் வெண்கலத்தில் விழுந்து சத்தம் போட்டது. இன்னொரு தடவை எடுக்கப் போனார். பாதியில் கை நின்றது. உத்தரணியை வைத்துவிட்டார். கை மடிக்குப் போய்விட்டது.

இட்லி வைத்தேன். தலையைத் திருப்பிக்கொண்டார். ஊட்டப் போனேன். வாயைத் திறக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி கொண்டுபோனேன். அப்போதும் இல்லை.

மதினி சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். உள்ளே போய் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு வந்தார்.

“கெளம்புத்தா” என்றார்.

டீச்சரை மறுபடி உட்கார வைத்துவிட்டுச் சோழவந்தான் பஸ் ஏறினோம். வழி முழுவதும் எனக்கு வாய் வரை வந்தது. சொன்னேனே, தலையால் அடித்துக்கொண்டேனே என்று. மதினி ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த பிடியைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

வாய்க்காலில் இறங்கிச் சேலையைத் தூக்கிச் செருகி, இருவரும் சேற்றுக்குள் கைவிட்டுத் துழாவினோம். கூழாங்கல் வந்தது, பாட்டில் மூடி வந்தது. நிமிர்ந்தபோதுதான் அரசமரத்தடியை நான் சரியாகப் பார்த்தேன். தும்பிக்கை போன பிள்ளையார், கண்ணாடி விரிந்த பெருமாள் படம், கை உடைந்த முருகன் பொம்மை என்று ஊர் வேண்டாமென்ற சாமிகள் எல்லாம் அங்கே சாய்ந்து கிடந்தன. அவற்றின் நடுவில், ஒரு செங்கல் மேல், விபூதி பூசி, தலையில் செம்பருத்தியோடு எங்கள் லிங்கம்.

மதினி கையை நீட்டுவதற்குள், துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் வந்துவிட்டாள்.

“சாமிய எதுக்குத் தொடுறீக?”

எங்க வீட்டுச் சாமிதான், நேற்றுத் தவறி விழுந்துவிட்டது என்றார் மதினி.

“தவறி விழுந்துச்சாக்கும். அப்ப இந்தப் பிள்ளையாரும் பெருமாளும் தவறித்தான் விழுந்தாகளா? காலைல என் கால்ல இடிச்சுச்சு, எடுத்து வெச்சு ஒரு பூ வெச்சிருக்கேன். உள்ள கோடு கோடா விட்டிருக்கு. பின்னம்னுதான கொண்டாந்து போட்டீக?”

“எது பின்னம்?” என்றார் மதினி. “கண்ணத் தொறந்து பாருத்தா. கீறலு எங்கயாச்சும் தங்கமா மின்னுமா? அது ஈசனோட சடை. செஞ்சடை.”

நான் மரத்தைப் பிடித்துக்கொண்டேன். ஒரு வாரமாக டீச்சர், பூசாரி, வைகை, தெப்பக்குளம் என்று என்னை வெயிலில் இழுத்தடித்த அதே வாயிலிருந்து, மூச்சு விடுவதற்குள் வருகிறது செஞ்சடை. இந்த அறிவு முந்தாநாள் வந்திருந்தால் என்ன குறைந்திருக்கும்?

அந்தப் பெண் லேசுப்பட்டவள் இல்லை. செஞ்சடைன்னு தெரிஞ்சா அப்பறம் ஏன் தண்ணியில முக்குனீக என்று கேட்டாள்.

மதினி சேறு படிந்த கையை முந்தானையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“என் தம்பிக்குக் கை விழுந்துபோச்சுத்தா. இந்தச் சாமிக்குத் தண்ணி ஊத்தி ஊத்தித்தான் அவென் கையத் தூக்கிருக்கான். இவ சொன்னா, நான் நம்பல. நானே கொண்டாந்து போட்டுட்டேன். இன்னைக்கு அவென் வெறுந்தட்டுல ஊத்துறான்.”

கும்பிட்ட சாமியைச் சும்மா எடுக்கக் கூடாது என்றாள் அந்தப் பெண். இனிமேல் பின்னம் என்று வாய் திறக்க மாட்டேன் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு எடுங்கள் என்றாள். மதினி வயசுக்கு, அவர் பெருமைக்கு, முன்பின் தெரியாத ஒருத்தி சொல்லி அதைச் செய்வார் என்று நான் நினைக்கவில்லை. பளார் பளார் என்று போட்டுக்கொண்டார். அந்தப் பெண்ணே செம்பருத்தியோடு லிங்கத்தை எடுத்து அவர் முந்தானையில் வைத்தாள்.

மறுநாள் காலை அபிஷேகம் நடந்தது. மதினியும் கதவிடுக்குக்கு வந்துவிட்டார். வந்தவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா? உத்தரணிய இன்னுங் கொஞ்சம் தூக்கிப் பிடி அய்யா என்று இடுக்கிலிருந்தே ஒரு குரல். இவர் திரும்பிப் பார்த்தார். கை மடிக்குப் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை.

“போக்கா” என்றார். குழறல்தான். ஆனால் மதினிக்கே புரிந்தது. மறுபடி திரும்பி, ஊற்றினார்.

சாப்பிடும்போது இட்லியை அவரே பிய்த்தார். ஒரு துண்டு வாய்க்குப் போனது, ஒன்று சட்டையில் விழுந்தது, ஒன்று தரையில். மதினி பொறுக்கமாட்டாமல் ஊட்டப் போனார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்து அடுப்படிக்குள் கொண்டுவந்து நிறுத்தினேன். இங்கிருந்து வெளியே போனீர்கள் என்றால் நடப்பது வேறு மதினி என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவரிடம் அப்படிப் பேசினேன். மதினி அங்கேயே நின்று, சட்னிக் கிண்ணத்திலிருந்து ஒரு சொட்டுத் தொட்டு நாக்கில் வைத்தார்.

“சட்னியில உப்பு பத்தல. அதேன் அவென் மெள்ள மெள்ளத் திங்கிறான்” என்றார்.